சாப்பிட்டு எழும்பும் நேரம்: வன்னிக் கடைகளில் ‘சந்தோசம்’ கொடுக்கும் முறை பற்றி ஒரு முழு வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள கிளிநொச்சியில், யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியோரக் கடையொன்றில் ஒரு மதியம் நடந்தது இது. கனடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பா குடும்பம் சாப்பிட்டு முடித்து வான் வண்டியில் ஏறிவிட்டது. வான் நகரத் தொடங்க, எங்களுக்குப் பரிமாறிய பையன் பின்னால் ஓடி வந்தான். கையில் பச்சை ஆயிரம் ரூபாய்த் தாள். “ஐயா, மேசையில் காசை விட்டுவிட்டுப் போகிறீர்கள்” என்றான், மூச்சு வாங்க. சித்தப்பா கண்ணாடியை இறக்கி, “அது உனக்குத்தான்” என்றார். பையன் தாளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பஸ்ஸுக்கு நின்றவர்கள் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நிமிராமலே திரும்பி நடந்தான். கொடுத்தவருக்கும் கூச்சம், வாங்கியவனுக்கும் கூச்சம். சித்தப்பா புளியங்குளம் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை.

தொகையில் பிழை இல்லை, மனதிலும் பிழை இல்லை. கொடுத்த விதம்தான் பிழைத்தது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவருக்கு மேலதிகமாகக் கொடுக்கும் காசுக்கு எங்கள் பக்கத்தில் ‘சந்தோசம்’ என்று பெயர். கடைகளில் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் ‘ரிப்ஸ்’ என்பார்கள். அலுவலக மேசைக்குக் கீழால் கைமாறும் காசுக்கும் சிலர் ‘சந்தோசம்’ என்றே பெயர் வைத்திருப்பதால் அந்தச் சொல்லில் கொஞ்சம் அழுக்கும் ஒட்டியிருக்கிறது. ஆனால் சித்திரை வருடப் பிறப்பன்று வெற்றிலையில் வைத்துப் பெரியவர்கள் தரும் கைவிசேஷத்தை நினைத்துப் பாருங்கள். அதை வாங்கிய எவரும் தாழ்ந்துபோனதாக நினைத்ததில்லை. கடையில் கொடுக்கும் சந்தோசமும் அந்தப் பக்கமாக நிற்க வேண்டுமே தவிர, பிச்சையின் பக்கமோ லஞ்சத்தின் பக்கமோ சரியக் கூடாது. வன்னி சிறிய ஊர்களின் நாடு. இன்று உங்களுக்குச் சோறு போடுபவர் நாளை உங்கள் வீட்டுக் கலியாணத்துக்குப் பெண் வீட்டாரோடு வந்து இறங்கக் கூடும். இங்கே ஒருவருக்குக் காசு கொடுக்கும்போது அதை மறந்துவிட முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வன்னியில் சந்தோசம் கட்டாயமில்லை. கொடுக்காமல் எழும்பிப் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஊர்க்காரரில் பாதிப்பேர் கொடுப்பதில்லை என்பது என் அனுமானம். கொடுக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

1. வீட்டை விட்டு வெளிக்கிட முன்: சில்லறை

வேலை கடை வாசலில் தொடங்குவதில்லை, அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பணப்பையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைபவருக்கு நல்ல எண்ணம் இருந்தும் பயனில்லை. கடைக்காரர் மாற்றித் தருவதற்குப் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்புவார், மிச்சக் காசில் பத்து ரூபாய் குறைந்தால் இரண்டு டொபியை நீட்டுவார், அந்தக் குழப்பத்தில் பரிமாறியவரை நீங்கள் மறந்தே போவீர்கள்.

நீல நிற ஐம்பதும் செம்மஞ்சள் நூறும் கொஞ்சம் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் கைப்பையின் வெளி அறையில் வைக்கலாம். கட்டாகக் காசை வெளியே எடுத்து, எல்லோர் முன்னாலும் விரித்து, அதிலிருந்து சின்னத் தாளாகத் தேடி உருவுவது பார்க்க நன்றாக இருக்காது. நாணயக் குற்றிகளைப் பொறுக்கிச் சந்தோசமாகக் கொடுப்பதும் வேண்டாம். தேநீர் குடித்த மிச்சத்தில் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ விட்டுவிட்டு வருவது வேறு, அது எல்லோரும் செய்வது.

2. எந்த வகைக் கடை என்று பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பரிமாறுகிறவர் சம்பளத்துக்கு நிற்கிறவரா, கடையே அவருடையதா?

மல்லாவிப் பக்கமோ விசுவமடுப் பக்கமோ ஒரு தேநீர்க் கடையில் ஏறினால், தேநீர் ஆற்றுபவர், வடை எடுத்து வைப்பவர், காசு வாங்குபவர் எல்லாம் ஒருவரே. அவருக்குச் சந்தோசம் கொடுப்பது அவருடைய வியாபாரத்தைக் கூலி வேலையாக்கிவிடும். 2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்டு, போர் முடிந்து திறந்தபோது, தறப்பாளுக்குக் கீழே ஒரு மேசையும் ஒரு கேத்திலுமாகத் தொடங்கிய கடைகள் எத்தனையோ. அப்படித் தொடங்கியவர் இன்று சீமெந்துத் தரை போட்ட கடைக்கு முதலாளி. அவருக்கு வேண்டியது நீங்கள் அடுத்த முறையும் அங்கே நிற்பதுதான். “தேநீர் நல்லாயிருந்தது, அண்ணை” என்றால் போதும்.

வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களும் இந்த வகைதான். பெண்கள் தாங்களே மாவு குழைத்து, கண் முன்னால் தோசை சுட்டு, தாங்களே விற்கிறார்கள். நீங்கள் வரிசையில் நின்று வாங்கி, மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்கள். அங்கே சந்தோசம் கொடுக்கும் வழக்கமில்லை. சாப்பிட்ட தட்டை மேசையிலேயே போட்டுவிட்டு எழும்பாதீர்கள், உரிய இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். அந்த அக்காக்களுக்கு அதுதான் உதவி.

வவுனியா நகரத்துச் சைவக் கடைகள், கிளிநொச்சியின் பெரிய சோற்றுக் கடைகள், மாங்குளம் சந்தியில் தூரப் பயண வாகனங்கள் நிற்கும் கடைகள் ஆகியவற்றில் பரிமாறுவதற்கென்று ஆட்கள் இருப்பார்கள். சந்தோசத்துக்கு உரிய இடம் இதுதான். மலையகத்திலிருந்து வந்து, கடையின் பின் அறையிலேயே படுத்தெழும்பி வேலை செய்பவர்களும் இவர்களுக்குள் உண்டு. அடுத்தது, குளிரூட்டிய அறையும் அச்சடித்த உணவுப் பட்டியலும் உள்ள விடுதி உணவகங்கள். அங்கே கணக்கு வேறு. அதற்குப் பில்லைப் பார்க்க வேண்டும்.

3. கூப்பிடும் சொல்

காசு பின்னால் வருவது, சொல் முன்னால் வருவது. விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட ஒருவர் பிறகு ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும் அந்தச் சொடுக்குப் போகாது.

இளையவர் என்றால் ‘தம்பி’, பெண் என்றால் ‘தங்கச்சி’ அல்லது ‘பிள்ளை’. உங்கள் வயதுக்கு மேலே என்றால் ‘அண்ணை’, ‘அக்கா’, நரைத்தவர் என்றால் ‘ஐயா’. வவுனியாவிலும் மன்னாரிலும் முஸ்லிம்களின் கடைகளில் ‘நானா’ என்றால் முகம் மலரும். சிங்கள இளைஞர் பரிமாறினால் ‘மல்லி’ (தம்பி) என்று ஒரு சொல், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் போதும். ‘டேய்’, ‘ஏய்’, ‘பெடியன்’ என்று கூப்பிடுபவர்களை இன்றும் காண்கிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளையை யாராவது அப்படிக் கூப்பிட்டால் கடையே இரண்டாகும்.

4. பரிமாறுபவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்

சோற்றுக் கடையில் உண்மையான வேலை முதல் தட்டில் இல்லை, இரண்டாம் முறையில்தான் இருக்கிறது. உங்கள் சோறு முடியும் பக்குவத்தைப் பார்த்து வாளியோடு வந்து நிற்பது, பருப்பு வேண்டுமா சொதி வேண்டுமா என்று கேட்பது, பிள்ளைக்கு உறைக்கும் என்று கண்டு தயிர் கொண்டுவந்து வைப்பது, இரணைமடுக் குளத்து மீன் பொரியலில் வால் துண்டைத் தள்ளி நடுத்துண்டாகப் பார்த்துப் போடுவது. இதையெல்லாம் செய்பவர் ஒருவர் இருப்பார், வைத்துவிட்டுத் தொலைபேசி பார்க்கப் போகிறவர் ஒருவர் இருப்பார். சந்தோசம் முதலாமவருக்கு.

காலையில் தேநீரோடு வரும் பலகாரத் தட்டையும் இங்கே சொல்ல வேண்டும். வடை, ரோல்ஸ், பற்றீஸ் அடுக்கிய தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு. எடுக்காததைத் தொட்டு, அமுக்கி, சூடு பார்த்துத் திருப்பி வைக்கக் கூடாது. எழும்பும்போது “இரண்டு ரோல்ஸ், ஒரு வடை” என்று நீங்களே கணக்குச் சொல்லிவிடுங்கள். மூன்றைத் தின்றுவிட்டு இரண்டு என்று சொன்னவர் மேசையில் வைக்கும் ஐம்பது ரூபாய் சந்தோசமாகாது. தட்டில் குறைந்ததற்குப் பரிமாறியவர்தான் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

5. பில்லை வாசியுங்கள்

சிறிய கடைகளில் பில்லே இராது. பரிமாறியவர் காசு மேசையைப் பார்த்துத் தொகையை உரத்துச் சொல்வார், அல்லது ஒரு துண்டில் எழுதித் தருவார். நீங்கள் கை கழுவிவிட்டு வாசலில் இருப்பவரிடம் கட்டுவீர்கள். அங்கே வாசிக்க ஒன்றுமில்லை.

விடுதிகளிலும் பெரிய உணவகங்களிலும் அச்சடித்த பில் வரும். அடியில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும், எல்லாம் ஆங்கிலத்தில். ஒன்று சேவைக் கட்டணம், வழக்கமாக 10 வீதம். மற்றது பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். வரி அரசாங்கத்துக்குப் போகிறது, பரிமாறியவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை. சேவைக் கட்டணம் வரியே அல்ல, ஊழியர்களின் பெயரில் அறவிடப்படுவது. சமையலறை, பரிமாறுபவர்கள், துப்புரவு என்று எல்லோருக்கும் புள்ளிக் கணக்கில் பிரிக்கும் இடங்கள் உண்டு. நாலாயிரம் ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 400 ரூபாய் சேவைக் கட்டணம் என்று பில்லில் இருந்தால், நீங்கள் ஏற்கனவே சந்தோசம் கொடுத்துவிட்டீர்கள். அதற்குமேல் கொடுப்பது உங்கள் விருப்பம்.

சேவைக் கட்டணம் உங்கள் மேசைக்குப் பரிமாறியவர் கைக்குப் போகிறதா என்று அவரிடமே கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் முதலாளி காதில் விழாமல், சிரித்த முகத்தோடு, ஒருமுறை மட்டும். அவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள். நீங்கள் போய்விடுவீர்கள், அவர் அங்கேதான் நிற்க வேண்டும்.

6. எவ்வளவு?

எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் பின்பற்றும் கணக்கைச் சொல்கிறேன். வெறும் தேநீர், பலகாரம் என்றால் ஒன்றுமில்லை, மிச்சக் குற்றியை விட்டுவிடலாம். தனியாகச் சோறு சாப்பிட்டால் ஐம்பது. இரண்டு மூன்று பேர் என்றால் நூறு. குடும்பத்தோடு போய், பிள்ளைகள் சோற்றை நிலமெல்லாம் இறைத்திருந்தால் இருநூறு. அந்த இருநூறில் பாதி, மேசையைத் துடைக்க வருபவருக்கு உரியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வான் நிறைய இருபது பேர் இறங்கி, கடையையே ஒரு மணி நேரம் ஆட்டி வைத்தால் ஐந்நூறு, “எல்லோரும் பிரித்துக்கொள்ளுங்கள்” என்ற சொல்லோடு. சேவைக் கட்டணம் அறவிட்ட இடத்தில் ஒன்றும் தேவையில்லை. யாராவது உண்மையாகவே ஓடியாடிக் கவனித்திருந்தால் நூறோ இருநூறோ அவர் கையில்.

வீதக் கணக்கில் யோசிப்பவர்களுக்கு: பெரிய பில்லுக்கு ஐந்து வீதம் தாராளம், பத்து வீதம் மிக அதிகம்.

ஏன் இவ்வளவு சிறிய தொகை என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சட்டப்படி தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபாய், நாட்கூலி என்றால் 1,200. அதோடு ஒப்பிட்டால் நீங்கள் தரும் நூறு ரூபாய் அந்த நாளின் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு நாளில் ஐந்தாறு மேசையிலிருந்து அப்படி வந்தால் அது வீட்டுக்குப் போகும் பாண், சீனி, பிள்ளையின் கொப்பி. ஒரே மேசையிலிருந்து ஆயிரம் வந்தால் என்ன நடக்கும்? அவருக்கு அன்று நல்ல நாள்தான். ஆனால் பக்கத்து மேசைக்குப் பரிமாறியவர் முகம் கறுக்கும். “பிரித்துக்கொள்” என்று முதலாளி தலையிடுவார். ஓகஸ்ட் மாதம் முழுவதும் வெளிநாட்டுக்காரர் மேசைக்கு மூன்று பேர் ஓடுவார்கள், மூலையில் தனியாக வந்து இருக்கும் கமக்காரருக்குச் சொதி ஊற்ற ஆள் இராது. இதை நான் மூலையில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வெளியே வந்து, கச்சான் விற்கும் அம்மாவிடம் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் மல்லுக்கட்டும் மனிதர், அரை மணி நேரம் கழித்து விடுதி உணவகத்தில் ஐந்நூறு ரூபாயை அலட்சியமாக வீசுவார். அந்தக் கொடையில் எனக்கு மரியாதை இல்லை. கச்சான் அம்மா சொன்ன விலையைக் கொடுங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

7. எங்கே, எப்படிக் கொடுப்பது

சாப்பிட்ட தட்டிலோ தட்டுக்குக் கீழேயோ காசை வைக்காதீர்கள். எங்கள் கடைகளில் பெரும்பாலும் தட்டுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்று விரித்துத்தான் சோறு போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அந்தத் தாளின் நான்கு மூலையையும் ஒரே பிடியில் கூட்டிப் பிடித்து, எலும்பு, முள், கறிவேப்பிலை எல்லாவற்றோடும் சுருட்டி வாளிக்குள் போடுவார்கள். இரண்டு வினாடி வேலை. ஒருமுறை நான் தாளின் ஓரத்தில் செருகி வைத்த நூறு ரூபாய் அப்படியே சுருண்டு போனதைக் கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அக்கா வாளிக்குள் கை விட்டுத் தேடி எடுத்து, குழாயில் கழுவி, சுவரில் ஒட்டிக் காயவைத்தார். கொடுத்த காசைவிட வேலை அதிகமாகிவிட்டது.

காசு மேசையில் இருப்பவரிடம் “இது தம்பிக்கு” என்று கொடுப்பதும் நம்பத்தக்க வழியல்ல. நல்ல முதலாளி உடனே கூப்பிட்டுக் கொடுப்பார். வேறு சிலரிடம் லாச்சிக்குள் போனது போனதுதான். அந்த மேசையில் உள்ள கண்ணாடிப் பெட்டியிலும் கவனம் தேவை. பெரும்பாலும் அது கோயில் திருப்பணிக்கோ முதியோர் இல்லத்துக்கோ வைத்த உண்டியல். ஒட்டியிருப்பதை வாசித்துவிட்டுப் போடுங்கள். தர்மம் நல்லதுதான், ஆனால் அது பரிமாறியவருக்குப் போகாது.

ஆகவே ஒழுங்கு இதுதான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுங்கள். கறி ஒட்டிய வலக்கையில் காசைத் தொட முடியாதென்று இடக்கையால் நீட்டுவது இங்கே மரியாதைக் குறைவு, எனவே கழுவித் துடைத்த பிறகே பணப்பையைத் திறவுங்கள். காசு மேசையில் சாப்பாட்டுக் காசைக் கட்டி முடியுங்கள். பிறகு திரும்பி, பரிமாறியவர் தனியாக நிற்கும் நேரம் பார்த்து, இரண்டாக மடித்த தாளை வலக்கையால் கொடுங்கள். உயர்த்திப் பிடிக்க வேண்டாம், ஒளித்துத் திணிக்கவும் வேண்டாம். ஒளித்தால் லஞ்சம்போல் இருக்கும், உயர்த்தினால் பிச்சைபோல் இருக்கும். அட்டையில் கட்டினாலும் சந்தோசத்தைத் தாளாகவே கொடுங்கள்.

அப்போது சொல்லும் சொல் முக்கியம். ‘இந்தா’ என்பது ஒன்று, ‘இந்தாரும்’ என்பது ஒன்று, ‘இந்தாருங்கோ’ என்பது இன்னொன்று. உங்கள் மகன் வயதுப் பையனுக்கும் ‘இந்தாரும் தம்பி’ என்று சொல்லிப் பாருங்கள், அதே நூறு ரூபாய்தான், ஆனால் வாங்குபவரின் முதுகு நிமிர்ந்திருக்கும். வயதில் மூத்தவருக்கு ‘இந்தாருங்கோ ஐயா, தேநீர் குடியுங்கோ’ என்று ஒரு காரணத்தையும் சேர்த்துக் கொடுப்பது எங்கள் பழக்கம். ‘தேநீர் குடியுங்கோ’ என்று கொடுத்தால் அது ஒருவர் இன்னொருவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததாகிவிடுகிறது. கூலி என்ற பேச்சே வருவதில்லை. இதைக் கண்டுபிடித்த கிழவர் யாரோ, புத்திசாலி.

8. கொடுக்கவே கூடாத இடங்கள்

கலியாண வீட்டிலும் செத்த வீட்டு அந்தியேட்டியிலும் பந்தியில் பரிமாறுகிறவர்கள் அயலட்டையும் சொந்தமும். அவர்களிடம் காசை நீட்டினால் அந்த வீட்டுப் படி ஏற இனி உங்களுக்கு முகம் இராது. மண்டபத்தில் சமையற்காரக் குழு கூலிக்கு வந்து பரிமாறினால், அவர்களைக் கவனிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. விருந்தாளி தலையிட வேண்டியதில்லை.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகும் வழியிலும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போகும் வழியிலும் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பார்கள். அன்னதான மடத்தில் சோறு போடுவார்கள். அங்கே வாளி தூக்கும் இளைஞருக்குக் காசு கொடுத்தால் அவருடைய நேர்த்தியைக் கெடுத்ததாகும். கொடுக்க வேண்டுமென்று மனம் கேட்டால் உண்டியலில் போடுங்கள், அல்லது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பந்திக்கு இலை எடுங்கள்.

கடைக்காரரின் பிள்ளை பாடசாலை விட்டு வந்து சீருடையோடு தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், பிள்ளை கையில் காசு கொடுக்காதீர்கள். “எத்தனையாம் வகுப்பு?” என்று கேளுங்கள், அது போதும்.

9. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக

நீங்கள் வாழும் ஊரின் கணக்கு அந்த ஊருக்குச் சரி. அமெரிக்காவில் 15, 20 வீதம் கொடுக்காமல் எழும்புவது பிழைதான். அங்கே சந்தோசம் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கட்டாயம் கொடுக்க வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி, மணிக்கு 2.13 டொலர். 1991இலிருந்து அது ஏறவில்லை. மிச்சத்தைச் சாப்பிட வந்தவர்தான் நிரப்புகிறார். பிரான்சிலோ சேவைக்கான காசு விலைப்பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது, மேசையில் சில குற்றிகளை விட்டுவிட்டு எழும்புகிறார்கள். லண்டனில் 2024 ஒக்டோபர் 1இலிருந்து சந்தோசக் காசு முழுவதையும் ஊழியருக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆக, ரொறன்ரோ மச்சானும் பாரிஸ் மச்சாளும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, ஒருவர் இருபது வீதம் என்றும் மற்றவர் ஒன்றும் தேவையில்லை என்றும் வாதாடுவது இயற்கை. இரண்டும் இந்த மேசைக்குரிய கணக்கல்ல. மேலே சொன்ன ஐம்பது, நூறு, இருநூறுதான் இங்கத்தையக் கணக்கு.

ஈரோக் குற்றியையும் பவுண் குற்றியையும் சந்தோசமாகக் கொடுக்காதீர்கள். வங்கியில் தாளை மாற்றலாம், குற்றியை மாற்ற முடியாது. கொடுக்கும் உங்களுக்கு அது இரண்டு ஈரோ, வாங்குபவருக்கு அது பிள்ளை வைத்து விளையாடும் சாமான். ஐந்து ஈரோத் தாள் என்றாலும் அதை மாற்ற அவர் ஒரு வேலை நாளில் வங்கி வரிசையில் நிற்க வேண்டும். ரூபாயில் கொடுங்கள்.

கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் எழுத எனக்கு விருப்பமில்லை.

10. சாரதி

வானை வாடகைக்கு எடுத்து வந்திருந்தால், கடையில் சாரதி எங்கே சாப்பிடுகிறார் என்று பாருங்கள். தூரப் பயண வாகனங்கள் நிற்கும் கடைகளில் ஆட்களைக் கொண்டுவரும் சாரதிக்குச் சாப்பாடு இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அவர் பின்பக்கம் தனியாகச் சாப்பிடுவார். நீங்கள் தெரிவு செய்த கடை என்றால் அந்த ஏற்பாடு இராது, அவரே காசு கட்ட வேண்டிவரும். “அண்ணை, எங்களோடு வந்து இருங்கோ” என்று கூப்பிடுங்கள். வராவிட்டால் அவருடைய சாப்பாட்டுக் காசையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். சாரதிக்குரிய சந்தோசத்தைக் கடையில் கொடுக்க வேண்டாம், பயணம் முடிந்து இறங்கும்போது கொடுங்கள்.

11. சாப்பாடு சரியில்லாவிட்டால்

வவுனியாவில் ஒரு கடையில் என் சொதிக்குள் எறும்பு மிதந்தது. பரிமாறிய தம்பியைத் திட்டி என்ன பயன், சொதி வைத்தவர் வேறு. மெதுவாகக் காட்டினேன், மாற்றிக் கொண்டுவந்தார், வழக்கமான ஐம்பதைக் கொடுத்துவிட்டு வந்தேன். பரிமாறியவரே அலட்சியமாக நடந்தால் சந்தோசத்தை விட்டுவிடலாம். ஆனால் பழிவாங்க ஒரு ரூபாய்க் குற்றியை மேசையில் வைத்துவிட்டு வரும் வேலை சின்னத்தனம்.

12. வேண்டாம் என்று சொன்னால்

வன்னியில் இது அடிக்கடி நடக்கும், வெளியிலிருந்து வருபவர்கள் எதிர்பார்க்காததும் இதுதான். முதல் முறை மறுப்பது மரியாதைக்கு. இரண்டாம் முறை “பரவாயில்லை, வைத்திரும்” என்று சொல்லலாம். அப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள். சட்டைப் பைக்குள் திணிப்பது, மேசையில் எறிந்துவிட்டு ஓடுவது எல்லாம் வேண்டாம். நானே இதைப் பிந்தித்தான் படித்தேன்.

முப்பது வருடம் படிப்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வவுனியாவில் பஸ் மாற நின்ற நேரம் ஒரு கடைக்குள் ஏறினேன். இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்து வைத்தவர் சட்டென்று நிமிர்ந்து நின்றார். “சேர்!” போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த வருடங்களில், கூரையில்லாத வகுப்பறையில் என்னிடம் கணக்குப் படித்தவர். மீசை வைத்திருந்தார். மற்ற மேசைகள் கூப்பிட்டுக்கொண்டிருக்க, சொதியை இரண்டு முறை கொண்டுவந்து ஊற்றினார். கேட்காமலே ஒரு பால்தேநீரும் வந்தது.

எழும்பும்போது நூறு ரூபாயை மடித்து நீட்டினேன். “சேர், உங்களிடமா?” என்றார். இரண்டாம் முறையும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். நான் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காசு மேசையில் சொன்ன தொகை குறைவாக இருந்தது. தேநீரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொன்னேன்.

“அந்தத் தேநீர் தம்பியுடைய கணக்கு, சேர்” என்றார் முதலாளி.